முதலாளிக்கு ஒரு மியூசியம்

மருதாள் குடியிருந்த வீட்டுக்கு ஆபத்து அரபு தேசத்திலிருந்து வந்தது. வருவதற்கு முன்னால் அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளும் அவளேதான்.

அருள்புரத்தில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மருதாளின் பொறுப்பு. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறாள். ஆரம்பித்ததே இப்போது அவள் குடியிருக்கும் ஓட்டு வீட்டில்தான். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், பின்னறையில் துணி. பிறகு கம்பெனி பக்கத்து நிலத்தில் மூன்று மாடியாக எழும்பியது. ஓட்டு வீடு மட்டும் காம்பவுண்டின் கடைசியில், ஜெனரேட்டருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தில் குடியிருக்க யாரும் வராததால் மருதாளைக் குடிவைத்தார்கள்.

அவள் சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயேதான் மகள் அனுப்ரியாவை வளர்த்தாள், அங்கிருந்தேதான் கட்டிக்கொடுத்தாள். புருஷன் சீக்கில் போனதும் அந்தப் பின்னறையில்தான். வீட்டுக்குப் பின்னால் தன் போனஸைப் போட்டு ஒரு கக்கூஸ் கட்டினாள். அது எப்பேர்ப்பட்ட சொத்து என்பது, வரிசை முழுக்க ஒரே கக்கூஸ் உள்ள லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். விடிந்தும் விடியாமல் கையில் வாளியோடு வரிசையில் நின்று, உள்ளே போனவன் பீடி பற்றவைக்கும் வாசத்தை முகர்ந்துகொண்டே வயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது அனுப்ரியா முழுகாமல் இருந்தாள். மாசியில் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அதற்கு அம்மாவுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும்.

ஐப்பசி கடைசியில் துபாயில் ஒரு கண்காட்சி. ஸ்டால் போட்டவன் முதலாளியின் மகன் சதீஷ்குமார். கம்பெனியை நடத்துவது இப்போது அவன்தான் என்றாலும் அப்பாவிடம் அதை இன்னும் யாரும் சொல்லவில்லை. தானும் வந்தே தீருவேன் என்றார் மகுடேஸ்வரன். அவர் போனால் மனைவி பொன்னாத்தாளும் போக வேண்டும். பொன்னாத்தாளுக்கு மூட்டு வலி. படியேறும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையும், உட்காரும்போது பேச்சுக்கு ஒரு வாயும் தேவை. மருதாளிடம் இரண்டும் இருந்தன. பழைய ஆளுக்கு முதலாளி விமான டிக்கெட் போட்டுக்கொடுத்தார் என்று செக்கிங்கில் பெண்கள் கண்ணீர் விட்டது வேறு கதை.

ஸ்டாலில் மகுடேஸ்வரன் அரை நாள்கூடத் தாங்கவில்லை. திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் நிற்பவன் யாராக இருந்தாலும் அவன் போட்டிருக்கும் பனியனின் ஓரத்தைப் பிடித்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். ஊரில் யாரும் கோபப்படுவதில்லை, நீட்டிக்கூடக் காட்டுவார்கள். ஸ்டாலுக்குச் சரக்கு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பையரின் சட்டையை மகுடேஸ்வரன் நெஞ்சுவரை தூக்கிவிட்டார். அந்த ஆள் இரண்டு கையையும் மேலே உயர்த்திவிட்டான்.

"அப்பா, நீங்க அம்மாவக் கூட்டிட்டு ஊரைச் சுத்திப் பாருங்க. வண்டி சொல்றேன்" என்றான் சதீஷ்குமார்.

"பையரை நாம் பாக்காம யாரு பாக்கறது?"

"பாத்தது போதும்பா. பாவம், அவன் இன்னும் சட்டைய உள்ள சொருகிட்டே இருக்கறான்."

வந்த டிரைவர் கீழக்கரைக்காரர். மால் பார்க்கிறீர்களா, மணல்மேட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். துணி மட்டுமல்ல, எதுவுமே விற்காத இடமாகச் சொல்லுங்கள் என்றாள் பொன்னாத்தாள், மாலில் நடக்க முடியாது என்பதால். அவர் யோசித்து, பக்கத்து ஊரில் கடலோரமாக இருந்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த ஊரை ஒரு காலத்தில் ஆண்ட ஷேக்கின் வீடு. இப்போது மியூசியம்.

"டிக்கெட் எத்தன?" என்றார் மகுடேஸ்வரன்.

"சும்மாதான் சார், இலவசம்."

"சும்மா உடறாங்கன்னா உள்ள ஒண்ணும் இருக்காது."

பெரிய மனுஷர் வாழ்ந்த வீட்டுக்குள் செருப்போடு போவது எப்படி என்று பொன்னாத்தாள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். அவள் கழற்றியதால் மருதாளும், மருதாள் கழற்றியதால் முதலாளியும். மூன்று ஜோடிச் செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு, "மேடம், மேடம்" என்று கூப்பிட்டபடி காவலாளி முற்றம் முழுக்கத் துரத்தி வந்தான்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. கடல் பவளக்கல்லில் கட்டிய தடித்த சுவர்கள், நடுவில் மணல் முற்றம், சுற்றிலும் அறைகள். மூலைக்கு ஒரு கோபுரம். நாலு பக்கமும் திறந்த அந்தக் கோபுரம் மேலே போகிற கடற்காற்றைப் பிடித்துக் கீழே இருக்கும் அறைக்குள் தள்ளும் என்றார் டிரைவர். மருதாள் போய் நேர் கீழே நின்றாள். முந்தானை எழும்பியது. பேன் இல்லை, கரன்ட் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, இங்க வந்து நில்லுங்க. ராசா மக்க நல்லாத்தான் பொழச்சிருக்குது."

"எனக்கு எதுக்குடி காத்து? உக்கார ஒரு சேரக் காணோம்" என்றாள் பொன்னாத்தாள்.

அடுத்த அறையில் வெள்ளை அங்கி போட்ட பெரியவர்கள் திண்டுகளில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மகுடேஸ்வரன் வாசலிலேயே நின்று, "வணக்கமுங்க" என்று கும்பிட்டார். யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு வணக்கம் வைத்தார். பொன்னாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"பொம்மை சார்" என்றார் டிரைவர்.

"தெரியும். சும்மா வெச்சனுங்க."

நடுவில் இருந்த பொம்மைதான் ஷேக். மற்ற பொம்மைகளைவிட ஒரு சாண் உயரமான திண்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயர், பிறந்த ஆண்டு, ஆண்ட ஆண்டுகள். அந்தப் பலகையை மகுடேஸ்வரன் வெகுநேரம் பார்த்தார். அதிலிருந்த இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. ஆனால் ஒரு மனிதனுக்குப் பலகை வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

"இவரு என்ன பண்ணாருங்க?"

"ஆண்டாரு சார்."

"அதுக்கு மின்னாடி?"

"அதுக்கு முன்னாடி அவங்க அத்தா ஆண்டாங்க."

"அட, அப்பன் சம்பாதிச்சதா?" மகுடேஸ்வரனின் முகம் மலர்ந்துவிட்டது. "நானெல்லாம் ஒண்ணுமே இல்லாம வந்தவன். எங்கப்பன் எனக்கு உட்டுட்டுப் போனது ஒரு மம்முட்டியும் மூலச்சீக்கும்தான்."

அதன் பிறகு அவர் நடந்த நடை வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு அறையிலும் ஷேக்கோடு தன்னை நிறுத்தி எடைபோட்டுப் பார்த்தார். கயிற்றுக் கட்டில்: நம்மகிட்டயும் இருந்துது. மரப்பெட்டி: அதைவிடப் பெருசு, கரையான் தின்னுருச்சு. பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கி வைத்து, பாரத்தில் கசிகிற பாகு தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடிவந்து பானையில் விழுகிற மாதிரி ஓர் அறை: இதுதான் கொஞ்சம் தேவலை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஷேக்கின் அங்கி தொங்கியது. தொட முடியாத துணியைப் பார்த்ததும் அவர் விரல்கள் தவித்தன. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி உற்றுப் பார்த்தார். நகர்ந்தபோது ஆளும் குடும்பத்தின் அங்கிக்கு நேராகக் கண்ணாடியில் மூன்று கோடு திருநீறு படிந்திருந்தது. பொன்னாத்தாள் முந்தானையால் அவசரமாகத் துடைத்தாள்.

சமையலறையிலும் ஒரு பொம்மை இருந்தது. பெரிய தவலைக்கு முன்னால் குந்தியிருந்த ஒரு பெண்.

"இந்தம்மா பேரு என்னங்க?" என்று மருதாள் கேட்டாள்.

டிரைவர் குனிந்து படித்தார். "பாரம்பரியச் சமையலறைன்னு போட்டுருக்குமா."

"அது அடுப்புக்குப் பேருங்க. அம்மாவுக்கு?"

"போடலம்மா."

"அத்தன பேருக்கும் வடிச்சுக் கொட்டியிருக்கறா."

"இந்த ஊட்டுல இருந்தவங்கல்லாம் இப்ப எங்கீங்க?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"பேரன் பேத்தியெல்லாம் பெரிய அரண்மனை கட்டிப் போயிட்டாங்க. அப்புறந்தான் இதை மியூசியம் ஆக்குனது. ஆளு இருந்தா எப்படிம்மா மியூசியம்?"

முற்றத்துக்கு வந்ததும் மகுடேஸ்வரன் நடு மணலில் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"மருதா, நம்ம பழைய ஊட்ட இதேமாதிரி பண்ணீர்றோம்."

மருதாள் சிரித்தாள். முதலாளி இதுபோல் நிறையச் சொல்லுவார். பல்லடம் ரோட்டில் யானை வளர்ப்பதாகக்கூட ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

"ஏஞ்சிரிக்கற? மின்னாடி ரூம்புல நான் மெஷின்ல உக்காந்து தெக்கற மாதிரி ஒரு பொம்மை. பின்னாடி ரூம்புல பழைய கட்டல், சைக்கிளு, பேப்பர்ல போட்ட போட்டோ. பையர் வந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். பின்னாடி ஒரு கக்கூஸ் கெடக்குதே, அதைய இடிச்சுட்டு ஒரு செடி வெக்கலாம்."

கக்கூஸ் என்றதும் மருதாளின் சிரிப்பு நின்றது.

"மெஷின்ல நீங்களுங்களா மொதலாளி? ரெண்டு மெஷின்லயும் நானும் மயிலாளும்தானுங்க தெச்சோம். நீங்க மொபெட்டுல துணி ஏத்திட்டுப் போவீங்க."

"மொபெட்டுல உக்காந்தா மியூசியம் மாதிரியா இருக்கும்? லோடு ஆளு மாதிரி இருக்கும். வேணும்னா ஓரமா பொம்பள பொம்மை ஒண்ணு வெச்சுக்கலாம், நூல் பிசுறு வெட்டற மாதிரி."

"அது நானுங்களா?"

"யாரோ ஒருத்தி" என்றார் மகுடேஸ்வரன், பெருந்தன்மையாக.

ஊருக்கு வந்தால் மறந்துவிடுவார் என்று மருதாள் நினைத்தாள். விமானத்தில் தூங்கியது, கோயமுத்தூரில் இறங்கியது, எதுவும் அவர் மூளையை ஆற்றவில்லை. மகன் மறுத்துவிடுவான் என்று அடுத்து நினைத்தாள். சதீஷ்குமாருக்கு இரட்டைச் சந்தோஷம். அப்பாவுக்கு ஒரு சோலி கிடைத்தது. புரொடக்‌ஷன் பக்கம் தலைகாட்ட மாட்டார். தவிர, ஹெரிட்டேஜ் என்றால் பையர்களுக்குப் பிடிக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

பொன்னாத்தாளிடம் போனாள்.

"மாசில புள்ளயக் கூட்டியாரோணுங்கக்கா. இப்பப் போயி காலி பண்ணச் சொன்னா நானெங்கீங்க போவேன்?"

"அவரு ஒண்ணு ஆசப்படறாரு மருதா. லைன் ஊடு ஒண்ணு பாத்துக்குடுக்கச் சொல்றேன். நீ வெசனப்படாத கண்ணு."

பார்த்துக்கொடுத்த லைன் வீட்டை மருதாள் போய்ப் பார்த்தாள். ஒரே அறை. எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகளுக்குக் கடைசியில் ஒரு கக்கூஸ், தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு. உள்ளே இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறைமாத வயிற்றோடு ஒருத்தி குந்திக்கொண்டு, ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் கயிற்றையும் பிடித்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் வேறு, "பச்சக் கொழந்தைங்களா? ராத்திரியெல்லாம் அழுகுமே, பக்கத்துல நைட் ஷிப்ட் ஆளுகளுக்குத் தொந்தரவு" என்றார். பச்சைக் குழந்தை ராத்திரி அழாமல் வேறு என்ன செய்யும், ஓவர்டைமா பார்க்கும் என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குள் பொம்மை வேலை தொடங்கிவிட்டது. முதலில் காதர்பேட்டையிலிருந்து ஒன்று வந்தது, கடை வாசலில் பனியன் மாட்டி நிறுத்துகிற பொம்மை. வெள்ளை வெளேரென்று வயிற்றில் ஆறு கட்டு, கிளி மூக்கு. மகுடேஸ்வரனின் வேட்டி சட்டையைப் போட்டு மெஷினில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். இடுப்பு மடங்கவில்லை. தையல் மெஷின் மேல் சாய்த்துவைத்த சினிமா வில்லன் மாதிரி நின்றது.

"இது யாருடா? என்ற மூஞ்சியா இது?" என்று கத்தினார் மகுடேஸ்வரன்.

அடுத்த நாளே வண்டியை எடுத்துக்கொண்டு திருமுருகன்பூண்டிக்குப் போனார். ரோட்டோரம் முழுக்கப் பட்டறைகள், உளிச் சத்தம், பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் கந்தவேல் கோயில் வேலை தவிர வேறு பழக்கமில்லாதவர். ஆளைப் பார்க்காமலே அளவுக்கோலை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எத்தன கைங்க?"

"ரெண்டுதாய்யா. என்னப் பாத்தா எப்படித் தெரியுது?"

"கேக்கோணுமுங்க. வாகனம்?"

"இன்னோவா."

கந்தவேல் அப்போதுதான் தலையைத் தூக்கினார். விஷயம் புரிந்தபின் தலையைச் சொறிந்தார். மெஷின் கல்லில் வராது, ஊசி ஒடிந்துபோகும் என்றார். சம்மணம் போட்டு உட்காரவைத்து, கையில் ஒரு பனியனைக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் பரம்பரையாகச் சாமி செதுக்கிய கை, முதலாளி என்றால் மட்டும் வேறு மாதிரி போகுமா? தை மாதம் பொங்கல் கழிந்து சிலை வந்து இறங்கியபோது மகுடேஸ்வரனுக்குக் காது தோள்வரை நீண்டிருந்தது. தொப்பை உள்ளே போயிருந்தது. உதட்டோரம் உலகத்தைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. பனியன் பிடிக்க வேண்டிய வலது கை, துணி இருப்பதே தெரியாமல், பயப்படாதே என்று சொல்வதுபோல் உயர்ந்திருந்தது.

டெம்போவிலிருந்து இறக்கியவர்கள் பீகார்ப் பையன்கள். இறக்கும்போதே "ஜெய்" போட்டார்கள்.

"யே கௌன் பாபா ஹை?" என்று ஒருவன் கேட்டான், எந்தச் சாமியார் இது என்கிற மாதிரி.

"பனியன் பாபா" என்றான் இன்னொருவன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் வினையே.

மருதாளின் சாமான்கள் பின்னறைக்கு ஒதுங்கின. வளைகாப்புக்கு முன்னால் அதையும் காலி செய்ய வேண்டும் என்று பேச்சு. முன்னறையில் முதலாளி கருங்கல்லில் உட்கார்ந்துவிட்டார். கந்தவேல் வந்து உளியால் கண் திறந்துவிட்டுப் போனார். ஷிப்டுக்குப் போகும் டெய்லர்கள் போகிற வழியில் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பையரின் ஆடிட்டில் கம்பெனி பாஸானதும் ஒருத்தன் தேங்காய் உடைத்தான். கட்டிங்கில் ஒருத்திக்குக் கல்யாணம் கூடியது. அவள் ரோஜா மாலை போட்டாள். "இதெல்லாம் எதுக்குப்பா" என்று மகுடேஸ்வரன் கையை ஆட்டினார். ஆனால் மாலை வாடினால் அடுத்ததற்கு ஆள் அனுப்பியது அவர்தான்.

அனுப்ரியா போனில் கேட்டாள். "ஏம்மா, ஊடு பாத்துட்டியா? உன்ற மருமகன் தெனமும் கேக்கறாரு."

"பாத்துட்டே இருக்கறன் கண்ணு."

"பாக்காட்டி இங்கயே ஆஸ்பத்திரில பெத்துக்கறேம்மா. மாமியா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒன்றும் சொல்லாத மாமியாரை மருதாள் இதுவரை கண்டதில்லை. போனை வைத்துவிட்டு முன்னறையைப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக முதலாளி அவளைப் பார்த்துப் பயப்படாதே என்றார்.

தை அமாவாசை அன்று காலையில் குளித்து, புருஷன் போட்டோவுக்கு முன்னால் வழக்கம்போல் இலை போட்டாள். சோறு, பூசணிக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், வடை, அவனுக்குப் பிடித்த கெட்டித் தயிர். காக்கைக்கு வைத்துவிட்டு வந்தவள் சட்டியில் மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். முன்னறையைப் பார்த்தாள். இன்னொரு இலையை அறுத்துவந்தாள்.

செய்வது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சிலைக்கு எதிரில் இலையைப் போட்டு எல்லாவற்றையும் பரிமாறினாள். இறந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் அல்லவா? ஒரு பிடி மிக்சரும் இரண்டு சிகரெட்டும் வைத்தாள். தெற்கு முகமாக ஒரு விளக்கு ஏற்றினாள். கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதலாளியின் அக்கா நல்லம்மாள் அன்றைக்குக் காங்கேயத்திலிருந்து வருவதாக இருந்தது. தம்பிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஊரில் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறி வந்தவள். வாசலில் கால் வைத்தாள். கருங்கல்லில் தம்பி. கழுத்தில் மாலை. எதிரில் விளக்கு. அமாவாசை இலை. இலையில் அவன் குடிக்கும் சிகரெட்.

"என்ற பொறந்தவனே, எனக்கொரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியா!"

ஜெனரேட்டரை மீறிக் கேட்டது அந்த ஓலம். அழுதுகொண்டே அவள் போனை எடுத்தாள். நல்லம்மாள் ஒரு தடவை அழுதால் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் மூன்று ஊருக்கும் போய்ச்சேரும். மத்தியானத்துக்குள் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வேன் பிடித்து வந்துவிட்டது. ஆண்கள் தோளில் துண்டோடு கேட்டில் இறங்கினார்கள். பெண்கள் நேராகப் பழைய வீட்டுக்குள் போய் வட்டமாக உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். கேதம் கேட்க வந்தவர்கள் கையை நீட்டினால் துக்கக்காரர் தொட வேண்டும். ஆபீசிலிருந்து பையரோடு போனில் பேசிக்கொண்டே வெளியே வந்த சதீஷ்குமாரின் முன்னால் வரிசையாகக் கைகள் நீண்டன. என்ன ஏதென்று தெரியாமலே அவன் ஏழெட்டுப் பேருக்குத் தொட்டுவிட்டான்.

"எப்படிய்யா ஆச்சு?" என்றார் ஒரு பெரியப்பா.

"எதுங்க?"

"அடப் பாவி, அதிர்ச்சியில பையனுக்கு நெனவு தப்பிருச்சு. தண்ணி கொண்டாங்கப்பா!"

மகுடேஸ்வரன் அந்த நேரம் சலூனில் தலைக்கும் மீசைக்கும் மை பூசிக்கொண்டிருந்தார். அமாவாசையில் யாரும் வர மாட்டார்கள், கூட்டம் இருக்காது என்று போனவர். யாரோ போன் செய்து "நீங்க செத்துட்டீங்களாமுங்க" என்றதும், கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் வெள்ளையுமான மீசையோடு இன்னோவாவில் வந்து இறங்கினார்.

வட்டத்தில் இருந்த பெண்கள் அவரைப் பார்த்தார்கள். அழுகை நின்றது. ஒருத்தி மட்டும் கண்ணை மூடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்ததால் மேலும் ரெண்டு அடி பாடிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"நானிருக்கறேன்டா!" என்றார் மகுடேஸ்வரன்.

நல்லம்மாள் எழுந்து வந்து அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். மை கையில் ஒட்டியது. சந்தோஷப்படுவதற்குப் பதில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசுரோட இருக்கறவன் எதுக்குடா மாலையப் போட்டுட்டு உக்காந்திருக்கற? அழுத அழுகைய நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

சேதி கேட்டு வந்து அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னாத்தாள் அப்போதுதான் பேசினாள். மூட்டு வலியெல்லாம் எங்கே போனதோ, விறுவிறுவென்று உள்ளே போய் மாலையைப் பிய்த்து எறிந்தாள்.

"யாரு இந்த எலையப் போட்டது?"

"நானுங்கக்கா" என்றாள் மருதாள். செக்கிங் டேபிளிலிருந்து கத்தரிக்கோலோடு வந்திருந்தாள். "அமாவாசையாச்சுங்களே. மாலை போட்டு விளக்கு வெச்சு ஆளையக் கல்லாக்கி உக்கார வெச்சிருக்கும்போது, எலை போடாம எப்படிங்க உடறது? பின்னாடி என்ற ஊட்டுக்காரருக்குப் போட்டேன். அவருக்கு மட்டும் போட்டுட்டு இவரைய உட்டா நல்லாருக்குங்களா?"

கூட்டத்தில் ஒருவரும் மருதாள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவில்லை. பெரியப்பாகூடத் தலையாட்டினார்.

"அரபு நாட்டுல வெச்சிருக்கறாங்கல்ல..." என்று ஆரம்பித்தார் மகுடேஸ்வரன்.

"அந்த மனுசன் செத்துப் போயி எத்தன காலமாச்சுங்க?" என்று பொன்னாத்தாள் சீறினாள். "செத்தவன் ஊட்ட மூசியம் பண்ணுவாங்க. நீங்க மூசியத்தப் பண்ணிவெச்சுட்டுச் சாகறதுக்கு உக்காந்திருக்கறீங்களா? என்ற தாலிக்கு என்ன சாமி குத்தம்? எடுத்து ஒடச்செறிங்க இதைய!"

கந்தவேலுக்குப் போன் போனது. ஸ்பீக்கரில் போட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் சிலையை உடைக்கவே கூடாது, ஆளுக்கு ஆகாது என்றார் அவர். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றார். கண் திறந்ததைப் பட்டறையில் வைத்தால் மற்ற சாமிகளுக்கு ஆகாது. கிணற்றில் போடலாமா என்றான் சதீஷ்குமார். அப்பனைக் கிணற்றில் போடுகிறாயா என்று நல்லம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

பொன்னாத்தாள் சிலையையும் பார்த்தாள், மருதாளையும் பார்த்தாள். ஆள் இல்லாத வீட்டில் கல் இருந்தால் எவனாவது மறுபடியும் மாலை போடுவான். ஊரில் ஒவ்வொரு அமாவாசைக்கும் தான் விதவையாக முடியாது.

"மருதா, இந்த ஊட்ட நீ காலி பண்ண வேண்டாம். மாசில உன்ற புள்ளயக் கூட்டியா. பச்சக் கொழந்த அழுவற ஊட்ட எவனும் சமாதின்னு சொல்ல மாட்டான்."

"சரிங்கக்கா. இவரைய என்னுங்க பண்றது?"

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு. பூவு, வெளக்கு, கும்புடு எதும் ஆகாது. ஊட்டுச் சாமான் மாதிரி பாவிச்சுக்க. கொடை மாட்டு. மொறத்தச் சாத்தி வெய்யி. பாத்தவனுக்குக் கையெடுக்கத் தோணக் கூடாது."

"செய்யறனுங்க" என்றாள் மருதாள். முதலாளி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

வந்த ஒறம்பரையை அழுத கையோடு வெறும் வயிறாக அனுப்ப முடியாது என்று பிரியாணி சொன்னார்கள். அமாவாசை என்று யாரோ நினைவுபடுத்த, தக்காளிச் சோறாக மாற்றினார்கள்.

மாசியில் அனுப்ரியா வந்தாள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. முன்னறையில் தூளி கட்டினார்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்குக் குழந்தை நன்றாகத் தூங்கியது. கரன்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தினால்தான் அழுதது. பையர் வந்தால் சதீஷ்குமார் அந்தப் பக்கமே கூட்டிவருவதில்லை.

ஒரு நாள் மத்தியானம் மகுடேஸ்வரன் வந்தார். புரொடக்‌ஷன் பக்கம் போக விடவில்லை, வேறு போக்கிடம் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கல் காதில் ஒரு குடை. மடியில் முறமும் விளக்குமாறும். தோளில் அனுப்ரியாவின் ஈரப் பாவாடை. உயர்த்திய வலது கையின் ஐந்து விரலிலும் விரலுக்கு ஒன்றாகக் குழந்தையின் மூத்திரத் துணி. முகம் தெரியவில்லை, அதன் மேல் ஒரு பெரிய துண்டு.

உள்ளே இருந்து மருதாள் வந்தாள்.

"வாங்க மொதலாளி. காப்பி வெக்கட்டுங்களா?"

"மருதா, மூஞ்சியையாவது உட்டுரலாமுல்ல?"

மருதாள் ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயிலைப் பார்த்தாள், துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஈரமா இருக்குதுங்க. வெயிலு அந்த எடத்துலதானுங்க விழுகுது" என்றாள்.